அடுப்பில்லாமல் சுடும் தண்ணீர்

எரிமலையே இல்லாத நம் இலங்கையில் நிலத்துக்கு அடியில் தண்ணீரைச் சுட வைப்பது யார்?

மகாஓயா வெந்நீர் ஊற்றுக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வந்திருக்கும். பெய்த மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகப் பூமி சூடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு வெடிப்பு வழியாகத் தண்ணீர் மேலே ஏறிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி!

இன்னொரு வெந்நீர் ஊற்றுத் தலமான கன்னியாவில் இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக ஊற்றுகளை உண்டாக்கினான் என்று கதை சொல்வார்கள். பேர்போனது கன்னியாதான், ஆனால் சூட்டில் மகாஓயா அதை மிஞ்சிவிடும். 50 பாகையைத் தாண்டிய சூடு. கையை உள்ளே விட்டால் உடனே இழுத்துக்கொள்வீர்கள்!

மண்டூர்ப் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் மட்டக்களப்பு வாவியைக் கடந்து குருமண்வெளி வந்து, மட்டக்களப்பு தாண்டி, செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்புங்கள். கரடியனாறு கடந்து நேரே போனால் மகாஓயா. விடியவே புறப்படுங்கள். உச்சி வெயிலில் சுடுதண்ணீர்க் குளிப்பு யாருக்கு வேண்டும்?

ஒரு வாளியும் கொண்டு போங்கள். தண்ணீரை அள்ளி, கொஞ்சம் ஆறவிட்டு, முதலில் காலில் ஊற்றிப் பாருங்கள். பிள்ளைகளை ஊற்றுக்கு அருகில் தனியே விடாதீர்கள். சவர்க்காரத்தை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.