கோபுரம் நிற்கிறது!

பேருந்து ஓட்டும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு குறையைச் சொன்னார்.

"அண்ணே! ஊரை விட்டு வண்டி கிளம்பும்போது எஃப்.எம். மணிமணியாகப் பேசுகிறது. நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் முனகுகிறது. இன்னும் கொஞ்சம் போனால் மூச்சே இல்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், கம்பியைத் திருகிப் பார்த்தேன், பயனில்லை. என் பெட்டிக்கு என்ன நோய்?"

பெட்டிக்கு நோயில்லை, தோழரே, என்றோம். கோபுரம் எட்டவில்லை. அவ்வளவுதான்.

"ஏன் எட்டவில்லை?" என்றார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் அமெரிக்கா வரையில் போகவேண்டியிருக்கிறது. போய் வருவோம், வாருங்கள்!

பண்பலை என்று நாம் தமிழில் அழைக்கும் இந்த எஃப்.எம். அலை, ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. அலை நேரே போகிறது, தரையோ வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, சமதரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வரையில் தரையைப் பார்க்கும். அதையே 2,000 மீட்டர் உயர மலைமீது ஏற்றி வைத்தால் 180 கிலோமீட்டரைத் தாண்டிப் பார்க்கும். கோடைக்கானல் மலையில் நின்று பேசும் வானொலியை மதுரைச் சமவெளியில் கேட்கிறார்களே, அதன் இரகசியம் இந்த உயரம்தான்.

ஆக, குரல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முடிவு செய்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, கோபுரத்தின் உயரம். மற்றொன்று, ஒலிபரப்பியின் ஆற்றல். இந்த இரண்டையும் முடிவு செய்வது யார்? விதி. தலைவிதியல்ல தோழர்களே, அரசாங்கம் எழுதும் விதி! அந்த விதியை எழுதும் கையை, எந்தக் கை பிடித்து நடத்துகிறது? அங்கேதான் கதை இருக்கிறது.

கோபுரம் ஏறிய இளைஞன்

எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். 1890-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டு முற்றத்தில் வானளாவக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்து மகிழ்ந்தவர். 1912-ல், கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, மெலிந்த வானொலி அலையைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் வழியைக் கண்டார். 1918-ல், முதல் உலகப் போரின்போது, அலைகளைப் பிரித்தெடுத்து வாங்கும் புதுமுறையை வகுத்தார். அதன்பின் உலகெங்கும் வந்த வானொலிப் பெட்டிகளுக்கு அந்த முறையே அடித்தளம் ஆயிற்று.

1923-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி நியூயார்க்கில் புதிதாக நிறுத்திய கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தை யாருக்கு அனுப்பினார் தெரியுமா? கம்பெனியின் பெரிய அதிகாரி டேவிட் சார்னாஃபிடம் செயலாளராக இருந்த மரியன் மெக்கின்னிஸ் அம்மையாருக்கு! அதிகாரி சினந்தார், அம்மையாரோ அவ்வாண்டே ஆம்ஸ்ட்ராங்கை மணந்தார்.

அந்நாள் வானொலிக்கு ஒரு தீராத சாபக்கேடு இருந்தது: இரைச்சல். அலையின் உயரத்தை ஏற்றி இறக்கித்தான் அதன்மீது பேச்சைச் சுமத்தினார்கள். இடி இடித்தாலும் அலையின் உயரம் ஆடும். ஆலையில் மோட்டார் ஓடினாலும் ஆடும். ஆகவே பேச்சோடு இடியும் வந்தது, இசையோடு மோட்டாரும் வந்தது. இந்த இரைச்சலை ஒழிக்க ஒரு கருவி வேண்டும் என்று விரும்பியவர்களில் சார்னாஃபும் ஒருவர்.

ஆம்ஸ்ட்ராங் ஆண்டுக் கணக்கில் உழைத்தார். உயரத்தை ஆட்டினால்தானே இரைச்சல் ஒட்டுகிறது? உயரத்தை அப்படியே வை, அதிர்வெண்ணை ஆட்டு! அதுவே பண்பலை. 1933 டிசம்பர் 26-ல் அதற்கான காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன.

வீட்டை விட்டு வெளியே போ!

1934-ல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்து உச்சியில், ஆர்.சி.ஏ. வைத்திருந்த இடத்திலிருந்து சோதனை நடந்தது. வெற்றி! தொலைவில் வைத்த பெட்டியில், தெளிந்த நீர்போல ஒலி வந்தது. பாராட்டி மாலை போட்டிருக்கவேண்டுமல்லவா? மறு ஆண்டே, கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொன்னார்கள். தொலைக்காட்சிச் சோதனைக்கு இடம் வேண்டுமாம்!

பழைய முறையில் நிலையங்கள் பெருகி, பெட்டிகள் விற்று, விளம்பரப் பணம் ஆறாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இரைச்சலை ஒழிக்கும் கருவி வேண்டும் என்றவர்களுக்கு, வந்தது கருவியல்ல, புதியதோர் வானொலி உலகம் என்றதும் கசந்துவிட்டது.

ஆம்ஸ்ட்ராங் அஞ்சினாரா? இல்லை. 1935 நவம்பரில் வானொலிப் பொறியாளர்களின் கூட்டத்திலே பெட்டியைத் திறந்து வைத்தார். நண்பர் வீட்டு நிலையத்திலிருந்து, குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசை வந்தது. காகிதம் கிழிபடும் ஓசை வந்தது. கூடியிருந்தோர் வியந்தனர்.

பிறர் கோபுரத்தில் இடமில்லையா? சொந்தக் கோபுரம் எழுப்புவேன் என்றார்! நியூ ஜெர்சியில், அல்பைன் என்னும் ஊரில், ஹட்சன் ஆற்றோரச் செங்குத்துப் பாறைமேல், 400 அடிக்கு மேற்பட்ட இரும்புக் கோபுரம் எழுந்தது. மூன்று அடுக்காகக் கை நீட்டி நிற்கும் கோபுரம். சொந்தப் பணத்தை இலட்சக்கணக்கில் கொட்டினார். 1939-ல் அந்த நிலையம் முழு ஆற்றலோடு முழங்கியது. வேறு ஊர்களிலும் பண்பலை நிலையங்கள் முளைத்தன. 1941 ஜனவரி முதல் நாளிலிருந்து 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வணிக ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. மக்கள் இலட்சக்கணக்கில் பெட்டிகள் வாங்கினார்கள்.

பேனா முனையில் ஊமையான பெட்டிகள்

போர் ஓயும் நேரம். 1945 ஜூனில், அமெரிக்க அரசாங்கத்தின் தகவல்தொடர்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. பண்பலை அங்கே இருக்கக்கூடாது, மேலே போ! உங்கள் பெட்டியில் 88-லிருந்து 108 வரையில் முள் ஓடுகிறதே, அமெரிக்காவில் அந்தப் பட்டைக்குப் பண்பலை வந்து சேர்ந்த கதை இதுதான்.

காரணம் என்ன சொன்னார்கள்? வானத்து மேலடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் பழைய பட்டையைக் கெடுத்துவிடும் என்றார்கள். அத்தகைய தொல்லையே கிடையாது என்று நாம் வாதாட வரவில்லை. நாம் கேட்பது ஒன்றே. பண்பலைக்கு ஆகாது என்று பறித்த இடத்தில், 44 முதல் 50 வரையிலான பகுதியைத் தொலைக்காட்சிக்கு ஒதுக்கினார்களே, அந்தத் தொல்லை தொலைக்காட்சியைக் கண்டால் மட்டும் ஒதுங்கி வழிவிடுமா? தொலைக்காட்சியின் ஒலிக்கும் பண்பலையைத்தானே பயன்படுத்தினார்கள்!

அத்தோடு விட்டார்களா? பெரிய நிறுவனமான சி.பி.எஸ். பரிந்துரைத்த வழியிலே, ஒரு நகரத்து நிலையம் அந்த நகர வட்டாரத்தோடு நிற்கட்டும் என்று ஆற்றலுக்கும் உயரத்துக்கும் எல்லை கட்டினார்கள். மலையுச்சியிலிருந்து பல மாவட்டங்களை எட்டக்கூடிய குரலுக்கு வேலி!

இடைக்காலம் முடிந்ததும் பழைய பட்டை மூடப்பட்டது. உழைத்த காசில் வாங்கிய பெட்டிகள் ஊமையாயின. நிலையங்கள் புதுக் கருவி வாங்கவேண்டியதாயிற்று. சுத்தியல் எடுத்து ஒரு பெட்டியையும் எவரும் உடைக்கவில்லை. கோபுரம் ஒன்றையும் வெடிவைத்துத் தகர்க்கவில்லை. பேனா போதுமானதாக இருந்தது!

பெரிய பெட்டிக் கம்பெனிகள் சில உரிமைத் தொகை செலுத்தின. ஆர்.சி.ஏ. செலுத்தவில்லை. 1940-ல் மொத்தமாகப் பத்து இலட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. மற்றவர்களைப்போல நீங்களும் விற்பனைக்கேற்பத் தாருங்கள் என்று ஆம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார். 1948-ல் வழக்கு மன்றம் ஏறினார். ஆண்டுகள் ஓடின. 1950-ல் அவருடைய அடிப்படைக் காப்புரிமைகளின் காலமும் முடிந்தது. பண்பலையை வளர்த்ததில் ஆம்ஸ்ட்ராங்கையும் விட எங்கள் பங்கே பெரிது என்று 1953-ல் சார்னாஃப் சாட்சியம் சொன்னார். பெற்றவன் எதிரே உட்கார்ந்திருக்க, பிள்ளை என்னுடையது என்றார்கள்!

பணம் கரைந்தது. உடல் தளர்ந்தது. இல்லறத்திலும் பிளவு ஏற்பட்டது. 1954 ஜனவரி 31 இரவு, தமது 63-ஆம் வயதில், அந்த மேதை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மார்ச்சில் அல்பைன் நிலையம் அடங்கியது.

ஆம்ஸ்ட்ராங் ஏழையல்லர். புதுமைகளை விற்றுச் செல்வம் சேர்த்தவர். ஒரு காலத்தில் அதே ஆர்.சி.ஏ.வில் பெரும் பங்கு வைத்திருந்தவர். செல்வமும் அறிவும் புகழும் உடையவனையே இப்படி நசுக்க முடிந்ததென்றால், ஒன்றுமில்லாதவன் குரல் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

நசுங்காத உண்மை

ஆனால், கதை அங்கே முடியவில்லை. மரியன் அம்மையார் வழக்கைக் கைவிடவில்லை. 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டாலருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மற்றக் கம்பெனிகளையும் ஒவ்வொன்றாக எதிர்கொண்டார். கடைசி வெற்றி 1967-ல் மோட்டரோலா வழக்கில் வந்தது.

1961-ல் இரட்டை ஒலிப் பண்பலைக்கு அமெரிக்காவில் அனுமதி. 1970-களின் முடிவில், அந்நாட்டில் பண்பலையைக் கேட்போர் தொகை பழைய முறையை முந்திவிட்டது. 1977 ஜூலை 23-ல் நம் சென்னையிலேதான் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. பேருந்துத் தோழரின் பெட்டிக்கும் அந்த அல்பைன் பாறைக்கும் உறவு இப்படி வந்தது!

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்தன. வடக்குக் கோபுரத்து உச்சியில் இருந்த ஒலிபரப்பிகளும் வீழ்ந்தன. பணியிலிருந்த ஒலிபரப்புப் பொறியாளர்கள் ஆறுபேர் மாண்டனர். நகரத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவும் வானொலி நிலையங்கள் சிலவும் வாயிழந்து நின்றன. பெரும் பெரும் நிறுவனங்கள் மாற்றிடம் தேடி ஓடின. எங்கே ஓடின? அல்பைன் பாறைக்கு! தனியொரு மனிதன் கட்டிய பழைய இரும்புக் கோபுரம், தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டது. அது இன்றும் நிற்கிறது.

தோழர்களே! கோபுரத்தின் உயரமும் ஒலிபரப்பியின் வாட்டும் பொறியாளர் மட்டுமே பேசவேண்டிய கணக்கு என்று ஒதுங்காதீர்கள். அலைக்கு எல்லை வேண்டும். எல்லையில்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழப்பமே மிஞ்சும். ஆனால், எல்லையை எவர் வகுக்கிறார், எவர் நலனுக்கு வகுக்கிறார் என்று கேட்கும் உரிமை, கேட்கும் மக்களுக்கு உண்டு. கடலில் நிற்கும் மீனவனுக்குப் புயல் செய்தி எட்டுகிறதா? மலையடி ஊருக்கு எட்டுகிறதா? இரவு வண்டி ஓட்டுபவனுக்கு எட்டுகிறதா?

அடுத்தமுறை பெட்டி முனகினால், தட்டாதீர்கள். கேளுங்கள்! கோபுரம் எங்கே? உயரம் எவ்வளவு? ஆற்றல் எவ்வளவு? குறைத்தது யார்? எவருக்காக?

கேட்டால்தான் எட்டும்.