சொந்தமாகக் கட்டிய காரில் எஞ்சின் வெப்பநிலை

உதிரிப் பாகங்களை வாங்கி உரிமையாளரே பொருத்தி உருவாக்கும் கார், சொந்தமாகக் கட்டிய கார் எனப்படும். இங்கிலாந்தில் 1957இல் அறிமுகமான லோட்டஸ் செவன் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு.

நீரால் குளிரும் பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 80 முதல் 100 பாகை செல்சியசு வரை சூடாக இயங்கும். இது பழுதன்று. எஞ்சின் குளிர்ந்தே இருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, தேய்மானமும் கூடும். அதனால்தான் நீர் போதிய அளவு சூடாகும்வரை தெர்மோஸ்டாட் அதை ரேடியேட்டருக்கு விடுவதில்லை. அழுத்த மூடி இருப்பதால் 100 பாகையில் நீர் கொதிப்பதும் இல்லை. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும்.

செவன் போன்ற கார்களின் மூக்குப் பகுதி தாழ்வானது. அங்கே வைக்கும் ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்திருந்தால், நீர் நிரப்பும்போது காற்று உயரமான இடத்தில் தங்கி நீரோட்டத்தைத் தடுக்கும். வெப்பமானியின் உணரியைச் சுற்றி நீர் இல்லாவிட்டால் முள் குறைவாகவே காட்டும். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். எனவே நீர் நிரப்பும் தொட்டியை எல்லாவற்றுக்கும் மேலே பொருத்த வேண்டும்.

முள் ஏறிக்கொண்டே போனால் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். சூடு தணியும்வரை மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கியதும் நீர் சட்டெனக் கொதித்து முகத்தில் பீறிடும்.