உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்கு அலமாரி, பித்தளைப் பூண் போட்ட பெட்டகம், கை நீண்ட சாய்வு நாற்காலி எனக் கடை கொள்ளாமல் சாமான்கள். செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகள் பிரிந்தபோதும், பராமரிக்க ஆளில்லாமல் வீடுகள் இடிபட்டபோதும் வெளியே வந்தவை. இவற்றில் ஒன்றை வாங்கிப்போகிறவர்களில் பலரும் முதலில் செய்யும் காரியம், பாலிஷ்காரரைக் கூப்பிடுவது. அவரும் மெஷின் வைத்துத் தேய்த்து, மெலமைன் அடித்து, ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கித் தந்துவிடுவார். நூறு வருடக் கைபட்டு ஏறிய நிறம் மரத்தூளோடு குப்பைக்குப் போகும். அது திரும்ப வராது.

பழைய மரச் சாமானைச் சீரமைப்பதில் பாதி வேலை காகிதத்தில் நடக்க வேண்டும். முதல் கேள்வி: இது இனி உட்காருவதற்கா, பார்ப்பதற்கா? தினமும் ஆள் உட்காரும் நாற்காலிக்கு மூட்டுகள் இறுக வேண்டும். கூடத்தில் சும்மா நிற்கப்போகும் பெட்டகத்துக்குத் தூசி தட்டி மெழுகு போட்டாலே போதும்.

அடுத்தது சோதனை. இழுப்பறைகளை வெளியே எடுத்து, சாமானைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தையும் முதுகையும் படம் எடுங்கள். பாலிஷ் போடாத அந்த இடங்கள்தான் உண்மையைச் சொல்லும். ஒழுங்கில்லாத இடைவெளியோடு நேர்க்கோடாக ஓடும் ரம்பத் தடம் பெரும்பாலும் கையால் அறுத்த பலகை என்பதைக் காட்டும். வளைந்த தடம் வட்ட ரம்பத்தினுடையது. பிளஸ் தலைத் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. நூறு வருடச் சாமானில் அது கண்ணில் பட்டால் பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். எங்காவது வீட்டு விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) பொறித்திருந்தால் அதன்மேல் கை வைக்க விடாதீர்கள். சாமானின் பிறப்புச் சான்றே அதுதான்.

மேற்பூச்சு என்ன என்று தெரியாமல் எந்தப் பாலிஷ்காரரிடமும் பேரம் பேசக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். பூச்சி சுரக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சுப் பொதியால் மெல்லிய படலமாகப் பல முறை ஏற்றுவது. சூடான பாத்திரம் வைத்தாலும் ஈரம் பட்டாலும் வெள்ளை வளையம் விழும் என்பது அதன் குறை. ஆனால் பழைய அரக்கின் மேலேயே புது அரக்கு ஒட்டிக்கொள்ளும். பழையதை உரிக்காமலே அழுக்கு நீக்கி மேலே ஏற்றலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! மெலமைனுக்கும் பாலியூரித்தேனுக்கும் இந்தக் குணம் கிடையாது. பழுதானால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் மெலியும்.

பசை விஷயமும் இப்படித்தான். அந்தக் காலத் தச்சர்கள் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்கள். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த பசை அது. சூடும் ஈரமும் காட்டினால் இளகும். மூட்டைச் சேதமில்லாமல் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆடும் கழுந்தில் வெள்ளைப் பசையைப் பிதுக்கி, அதன்மேல் இரண்டு இரும்பாணி அடிப்பதுதான் இன்று சர்வசாதாரணம். அடுத்த முறை அந்த மூட்டு கழலும்போது பசை விடாது, மரம்தான் பிளக்கும். அலமாரிக் கதவின் நடுப்பலகை ஆடுவதைப் பார்த்து அதையும் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது ஆடுவதற்காகவே காடியில் சும்மா செருகியது. மரம் அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அசைய விடாமல் கட்டிப்போட்டு ஏசி அறையில் வைத்தால் சில மாதங்களில் வெடிக்கும்.

பிரம்பு நாற்காலியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்தால் அது கையால் பின்னப்பட்டது. ஊறவைத்த பிரம்பு இழையைத் துளைக்குத் துளை கோத்து ஆறு அடுக்காகப் பின்ன வேண்டும். காய்ந்ததும் தானாக இறுகும். பின்னுகிறவரைத் தேடுவது சிரமம் என்று, சட்டத்தில் காடி வெட்டி மெஷின் பின்னலைப் பதிக்கிறார்கள். இதைவிடத் துணியில் மெத்தை தைத்துப் போட்டுவிடலாம். சட்டமாவது பிழைக்கும்.

தேக்கின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. முதுகுக்கு அடித்த மட்ட மரம்தான் உளுத்துப்போகும். அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் பாருங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் பூச்சிக்கு வைத்தியம் முடிந்த பிறகே மற்ற வேலை. பச்சையோ நீலமோ எனாமல் பூசிய சாமானாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்ந்த உப்புத்தாள் போட்டு அதைத் தேய்க்கவே கூடாது.

வரிசையும் பருவமும் முக்கியம். பூச்சி, மூட்டு, சுத்தம், பாலிஷ், கடைசியில் பிரம்பு. ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலிஷ் வைக்காதீர்கள். தச்சு வேலையை அப்போது முடித்துக்கொண்டு, பாலிஷைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எஸ்டிமேட்டில் தச்சு, பாலிஷ், பிரம்பு மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். ‘மொத்தமாகப் பார்த்துக்கலாம் சார்’ என்பவரிடம் பழைய சாமானைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொல்பொருள் கணக்கில் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய சாமானை அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலிலேயே விசாரிப்பது நல்லது. தந்தப் பதிப்பு உடைந்திருந்தால் புதுத் தந்தம் தேடாதீர்கள், அது குற்றம். ஈட்டி மரச் சாமானுக்கும் எல்லை தாண்டக் கட்டுப்பாடு உண்டு. அந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எஸ்டிமேட், எந்த மூட்டில் எந்தப் பசை, எந்தப் பாலிஷ், எந்தத் துண்டு புதிது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, அந்தச் சாமானின் இழுப்பறையிலேயே வையுங்கள். ஐம்பது வருடம் கழித்து அதைப் பிரிக்கப்போகும் தச்சருக்கு அது தேவைப்படும்.