கண்ணை மூடிக் குறி பார்ப்பவர்கள்

குறி பார்த்துச் சுட வேண்டிய வீரர், சுடுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வது எதற்காக?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றபடியேதான் சுட வேண்டும். இலக்கின் நடுப்புள்ளியோ குண்டூசித் தலையைவிடச் சிறியது.

துப்பாக்கியின் எடையைத் தசைகள் தாங்கினால் அவை சீக்கிரமே களைத்து நடுங்கும். அதனால் வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி, பாரத்தை எலும்புகளின் மேல் இறக்கிவிடுகிறார். பிறகு கண்ணை மூடி, மூச்சை விட்டு, உடலைத் தளர்த்துகிறார். கண்ணைத் திறக்கும்போது துப்பாக்கி எந்த இடத்தைக் காட்டுகிறதோ, அதுதான் அந்த நிலைக்கு இயல்பான குறி.

அது இலக்கைவிட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தக் கூடாது. திருத்தினால், விசையை அழுத்தும் நொடியில் தசை சற்றுத் தளர, துப்பாக்கி பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதற்குப் பதிலாக, பாதங்களைக் கொஞ்சம் நகர்த்தி, முழு உடலையும் இலக்கின் பக்கம் திருப்ப வேண்டும். சுடுவதற்கு முன் இதைத் தவறாமல் சரிபார்த்துக்கொள்பவரின் குண்டுகள் அங்குமிங்கும் சிதறாமல் நெருங்கி விழும்.