எண்ணப்படாத லெந்து நாட்கள்

லெந்து நாட்கள் 40 என்று நாம் எண்ணிவிடுகிறோம். முடிவில் உயிர்த்தெழுந்த திருநாள் உண்டென அறிந்தே உபவாசத்தைத் தொடங்குகிறோம். யோபுவுக்கு அங்ஙனம் எண்ணிச் சொல்வார் ஒருவருமில்லை. முடிவறியாச் சோதனையில் விசுவாசம் யாதென விளங்க, செங்கற்பட்டையடுத்த திருமணியை நோக்குதல் தகும்.

அங்கு 1924-இல் லேடி வில்லிங்டன் குஷ்டரோக வைத்தியசாலை நிறுவப்பெற்றது. ஊரார் விலக்கிய நோயாளர் நீரடிமுத்து இன எண்ணெயை ஊசி மூலம் ஏற்றுக்கொண்டனர். நோவு மிகுதி, பலனோ சொற்பம். ஆயினும் ஆண்டுக்கணக்காய்க் கை நீட்டினர்.

1947-இல் வைத்தியர் பால் பிராண்டு அவ்விடம் சென்றார். மடங்கிப்போன கையொன்றைப் பற்றி, இறுகப் பிடிக்கச் சொன்னார். அப்பிடி அவருக்கே வலித்தது! நரம்பு கெட்டமையால் உள்ளங்கையின் சிறு தசைகள் சோர்ந்திருந்தன. முன்கைத் தசைகளோ நல்வலியோடிருந்தன. மறு ஆண்டு வேலூரில், நல்ல தசைநார்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களுக்கு இயக்கம் அளிக்கலாயினர். டாப்சோன் மருந்தும் அப்பத்தாண்டிலேயே கைகூடிற்று.

அதற்குமுன் மாண்டோர் விசுவாசம் வீணாயிற்றோ என்று சிலர் வினவலாம். மருந்து வந்ததைக் காட்டி விசுவாசத்தை மெய்ப்பிப்பது எமக்கு உடன்பாடன்று. அவ்வாறாயின் மருந்து காணாதார்க்கு ஆண்டவரும் இல்லையென்றாகும். சுவிசேஷத்தில் இயேசு பெருமான் குஷ்டரோகியைச் சொல்லினாலேயே சுகமாக்கியிருக்கலாம். ஆயினும் முதலிற் கைநீட்டித் தொட்டார். திருமணியிலும் புண்ணைக் கழுவிக் கட்டிய கைகள் மருந்துக்கு முன்னரே வந்திருந்தன.