போர் தண்ணீரில் கரிமீன் வளருமா?

"எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. கழிமுகத்து மீனை அதிலேயே தொட்டியில் வளர்க்கலாம்தானே?" குமாரலிங்கபுரத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பலருக்கும் தோன்றக்கூடியது. "எந்தத் தண்ணீரிலும் வளரும்" என்று சொல்லிக் கழிமுகத்து மீன்களான கரிமீனையும் பள்ளத்தியையும் விற்கிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி மீனின் செவுளில் இருக்கிறது.

கடலில் மீனுக்குள் உப்பு ஏறும், ஆற்றில் உப்பு வெளியே கசியும். இரண்டையும் சமாளிக்கும் மீன்களின் செவுளில் அதற்கென்றே தனிச் செல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பம்ப். ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தைச் செல்லிலிருந்து இரத்தத்துக்குத் தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். கடலுக்குப் போனாலும் ஆற்றுக்கு வந்தாலும் இந்தப் பம்ப் திசை மாறுவதே இல்லை! அப்படியானால் உப்பு ஓரிடத்தில் வெளியேறுவதும் இன்னோரிடத்தில் உள்ளே வருவதும் எப்படி?

தோட்டத்து மோட்டாரும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. வால்வை மாற்றினால் தண்ணீர் தொட்டிக்குப் போகும், இல்லையென்றால் வயலுக்குப் போகும். செவுளிலும் மாறுவது வால்வுதான். நன்னீரில் வெளிப்பக்க வால்வு திறந்து சோடியத்தை உள்ளே விடும், பம்ப் அதை இரத்தத்துக்கு அனுப்பும். கடல்நீரில் அந்த வால்வு மூடிக்கொள்ளும். பம்ப் தள்ளிய சோடியம் இரத்தத்திலிருந்து செல்லுக்குள் திரும்பி ஓடிவரும்போது குளோரைடையும் இழுத்து வருகிறது. குளோரைடு வேறொரு வால்வு வழியாகக் கடலுக்குப் போகும், சோடியம் செல்களின் இடுக்கு வழியாகப் பின்தொடரும். வால்வை மாற்றும் ஃபிட்டர்களும் உண்டு: நன்னீருக்குப் புரொலாக்டின், உப்புநீருக்குக் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்கள். தாய்மாரிடம் பால் சுரக்க வைக்கும் அதே புரொலாக்டின்தான்! ஃபிட்டர் வேலை முடிய நாள் கணக்காகும். மீனைத் திடீரென்று தண்ணீர் மாற்றக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். மோட்டாருக்குக் கரண்டு போல இந்தப் பம்புக்கும் செலவு உண்டு, மீன் தின்ற தீனியிலிருந்து.

விலாங்கின் செவுளில் கீஸ், வில்மர் என்ற ஆய்வாளர்கள் இச்செல்களைக் கண்டது 1932இல். ஸ்கூ என்ற ஆய்வாளர் 1957இல் நண்டு நரம்பில் இந்தப் பம்பைக் கண்டுபிடித்து, 1997இல் நோபல் பெற்றார்.

இனி போர் தண்ணீர். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தாலே குடிநீருக்கான உச்ச வரம்பு வந்துவிடும். கடல்நீரில் 35 கிராம். அளவைவிடக் கலவைதான் முக்கியம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நிலத்தடி நீரிலோ பெரும்பாலும் சில மில்லிகிராம்தான், களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பம்புக்குப் பொட்டாசியம் வேண்டுமே! ஹரியானாவின் உவர்நிலங்களில் இறால் வளர்ப்பவர்கள் குளத்தில் பொட்டாஷ் போடுவது இந்தக் குறைக்காகத்தான்.

ஆகவே நாக்கில் கரிக்கிறது என்பதற்காகப் போர் தண்ணீரைக் கழிமுகத்து நீராக எண்ண வேண்டாம். சமையல் உப்பைக் கொட்டினாலும் ஆகாது. அது வெறும் சோடியமும் குளோரைடும். மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ கடல்மீன் தொட்டிக்கான உப்பை லிட்டருக்கு 5 கிராம் அளவில் கரையுங்கள். கரிமீன் ஒரு சாணுக்கு மேல் வளரும். வீட்டுத் தொட்டிக்கு விரல் நீளமே உள்ள பள்ளத்தி ஏற்றது. நம் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

போர் தண்ணீரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் முதலில் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். டி.டி.எஸ். எண் மட்டும் போதாது, பொட்டாசிய அளவையும் கேட்டு வாங்குங்கள்.