உங்களுக்குத் தெரியுமா? மணிக்கட்டில் மினுங்கும் பச்சை

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிக் கவிழ்த்தால் அடியில் பச்சை விளக்கு படபடவென்று மினுங்கும். அது ஏன் பச்சை? ரத்தம் சிவப்பாகத் தெரிவதே, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பச்சையை விழுங்கிவிடுவதால்தான். இதயம் துடிக்கும்போதெல்லாம் தோலடியில் ரத்தம் சற்றே கூடும். திரும்பி வரும் பச்சை சற்றே குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் '72' என்கிறது. துடிப்பு அதன் காதில் விழுவதில்லை, கண்ணில்தான் படுகிறது.

*

வைத்தியர் நாடி பிடிப்பது உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே ஓடும் தமனியில். வாட்ச் உட்கார்ந்திருப்பதோ அதற்கு நேர் எதிரே, புறங்கைப் பக்கம். அங்கே அதற்குக் கிடைப்பது தோலடியில் மயிரிழையாக ஓடும் நுண்குழாய்கள் மட்டுமே. குளிரில் அவை சுருங்கிக்கொண்டால் வாட்சும் தடுமாறும்.

*

நாடி பார்க்க என்றே கடிகாரம் செய்தது நம் காலத்துச் சங்கதி அல்ல. இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர் என்ற மருத்துவர் சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்யச்சொல்லி நாடி எண்ணினார். அதைப் பற்றி 1707இல் புத்தகமும் போட்டார். அவருக்கும் நூறு ஆண்டு முன்னால் இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர் ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டார். ஊசலாட்டம் நோயாளியின் துடிப்போடு ஒத்துப்போகும்வரை நூலைக் கூட்டிக் குறைப்பார். ஒத்துப்போனதும் நூலின் நீளத்தைக் குறித்துக்கொள்வார். அவரிடம் பல்ஸ் எவ்வளவு என்று கேட்டிருந்தால் "இத்தனை அங்குலம்" என்றுதான் பதில் வந்திருக்கும்!

*

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்க வேறு விளக்கு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒன்று, தெரியாத அகச்சிவப்பு ஒன்று. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இவ்விரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஒளி விரலைத் துளைத்து மறுபக்கம் வரும். மணிக்கட்டு எலும்பைத் துளைக்க வாட்சால் முடியாது. பட்டுத் திரும்பும் சொற்ப ஒளியை வைத்தே கணக்குப் போடவேண்டும். கையை மேசையில் வைத்து அசையாமல் இருங்கள் என்று அது கெஞ்சுவது இதனால்தான்.

*

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் தேடியது இதை அல்ல. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் டக்குவோ அவோயாகி, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். ரத்தத்தில் சாயம் ஏற்றி, காது மடலில் ஒளி பாய்ச்சிச் சாயம் நீர்த்துப்போவதைக் கவனிக்கும் முறை அது. ஆனால் நாடித்துடிப்பு குறுக்கே வந்து கோட்டை அலையலையாக்கிக் கெடுத்தது. அலையை அழிக்க இரண்டு நிற ஒளியைப் பயன்படுத்தினார். அழிந்தது. ஆக்ஸிஜன் அளவு மாறினால் மட்டும் சனியன் திரும்பி வந்தது. அங்கேதான் பொறி தட்டியது: துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான்; அப்படியானால் இந்த அலைக்குள்ளேயே ஆக்ஸிஜன் கணக்கு இருக்கிறது! 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. ஒரு மாதத்துக்குள் இன்னொரு ஜப்பானிய நிறுவனமும் அதே யோசனையோடு வந்து நின்றது.

அவோயாகி இறந்தது 2020 ஏப்ரலில். உலகமே மருந்துக்கடைகளில் ஆக்ஸிமீட்டரைத் தேடிக்கொண்டிருந்த நேரம்.

*

ஓடும்போது வாட்ச் 170 என்று காட்டினால் பயப்படுமுன் காலடியை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 170 அடி வைத்து ஓடினால், கை குலுங்கும் தாளத்தையே துடிப்பென்று வாட்ச் எடுத்துக்கொண்டிருக்கலாம். பட்டையை இறுக்கி, எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே ஏற்றிக் கட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நெஞ்சில் கட்டும் பட்டைக்கு இந்தக் குழப்பம் குறைவு. அது பிடிப்பது இதயத்தின் மின்துடிப்பை. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லாமல் அதைக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பிக் காட்டிவிட்டது.

*

டாய்லெட் பேப்பர் உருளையில் கட்டினாலும் சில கைப்பட்டைகள் இதயத்துடிப்பு காட்டின. வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பிய ஒளி எப்படியோ கொஞ்சம் ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். வாழைப்பழமும் சளைத்ததல்ல.

*

ஆக்ஸிஜன் நேற்று 98, இன்று 96. மார்க் குறைந்துவிட்டதே என்று சிலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. 95க்கு மேல் எல்லாம் சமவெளி. 90ஐத் தாண்டி இறங்கும்போதுதான் சரிவு செங்குத்தாகிறது. கருவியின் பிழையும் சிறிதல்ல. ஆக்ஸிமீட்டர் 90 காட்டினால் உண்மை 86 முதல் 94 வரை எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே சொல்கிறது. அது மருத்துவக் கருவிகளைப் பற்றி. வாட்சின் பெட்டியிலோ, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

*

ஆக்ஸிஜன் எவ்வளவு வரை குறைந்தாலும் ஆள் நிற்க முடியும்? 2007இல் எவரெஸ்ட் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், நான்கு மருத்துவர்கள் தங்கள் தொடையோரத் தமனியிலிருந்தே ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குளிரில் உடையைத் தளர்த்தி! ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஷெர்பாக்கள் கீழேயிருந்த முகாமுக்கு விரைந்தார்கள். சராசரி ஆக்ஸிஜன் செறிவு 54 சதவீதம். ஒருவருக்கு 34. படிப்படியாக மலைக்குப் பழகிய உடம்பு அது. நம்மூரில் அந்த எண் வந்தால் ஐ.சி.யூ.தான்.

*

நிறம் பார்க்கும் குறை ஆக்ஸிமீட்டரின் ஒளிக்கும் உண்டு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் ஆக்ஸிமீட்டர் 'நலம்' என்று காட்டியது கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். மாநிறமும் கறுப்புமான நம் கைகளுக்கு இது வேற்றுநாட்டுச் செய்தி இல்லை.

*

வாட்சில் ஈ.சி.ஜி. எடுக்க, இடக்கையில் கட்டிக்கொண்டு வலக்கை விரலால் ஓரத்தைத் தொடச் சொல்கிறார்கள். வலக்கை, இடக்கை, நடுவே இதயம்: நூற்றாண்டுக்கு முன் ஈ.சி.ஜி.யை உருவாக்கிய ஐந்தோவன் வகுத்த முதல் இணைப்பு இதுவேதான். அவருடைய நோயாளிகள் உப்புநீர்த் தொட்டிகளில் கைகால்களை முக்கி உட்கார வேண்டும். கருவியின் எடை 270 கிலோ. ஒழுங்கற்ற துடிப்பை இந்த ஒற்றைக் கோட்டில் பிடிக்கலாம். மாரடைப்பைப் பிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

*

ஆப்பிளுக்கும் மாசிமோ நிறுவனத்துக்கும் இடையே ஆக்ஸிஜன் அளக்கும் காப்புரிமை வழக்கு. விளைவு: 2024 ஜனவரி முதல் அமெரிக்காவில் விற்ற புதிய ஆப்பிள் வாட்ச்களில் அந்த வசதியை முடக்கினார்கள். 2025 ஆகஸ்டில் கணக்கை ஐபோனுக்கு மாற்றித்தான் திரும்பக் கொடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க மாப்பிள்ளையிடம் வாட்ச் வாங்கிவரச் சொன்னவர்களுக்கு விளக்கு இருந்தது, எண் வரவில்லை. இங்கே தி.நகரில் வாங்கியவர் கையில் 97 ஓடிக்கொண்டிருந்தது.